கல்லூரி முதலாண்டும் கைப்பேசியும்: கொங்குப் பகுதி மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர், சேலம் மாவட்டங்களின் கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புக்குள் நுழைபவர்களில் இரண்டு வகையினரை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அந்தியூர், தாராபுரம், காங்கேயம் போன்ற ஊர்களின் அரசுப் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்து, தம் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள் ஒரு வகை. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளில் இரண்டு ஆண்டுகள் கைப்பேசியைத் தொடாமல், விடியற்காலை மணியடித்ததும் எழுந்து இரவு மணியடித்ததும் படுத்து, உயர்ந்த மதிப்பெண்ணோடு வருகிறவர்கள் இன்னொரு வகை. முன்னவருக்குப் பாடத்தின் மொழி மாறிவிடுகிறது. பின்னவருக்கு மணியடிக்க ஆள் இல்லாமல் போகிறது. இருவர் கையிலும் அதே கோடை விடுமுறையில்தான் புதிய கைப்பேசி வந்து சேர்கிறது.

சோமனூரை அடுத்த ஒரு விசைத்தறி வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இப்போது கோவைப் பகுதிக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். முதல் பருவத்தில் மூன்று பாடங்களில் தோற்றுவிட்டு, "ஃபோன்தாங்க சார் காரணம்" என்று வந்து நிற்கும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, எந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசியை எடுத்தாய் என்பதுதான். பெரும்பாலோருக்கு அந்தப் பக்கம் நினைவிருக்கிறது. அது அவர்களுக்குப் புரியாமல் போன பக்கம். கை கைப்பேசிக்குப் போவதற்கு ஒரு நொடி முன்பே மனம் புத்தகத்தை விட்டு எழுந்துவிட்டது. எனவே இந்த வழிகாட்டி கைப்பேசியை ஒழிப்பதைப் பற்றி மட்டும் பேசவில்லை. புரியாத பக்கத்தோடு உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொள்வதும், எழுந்துவிட்டால் விரைவில் திரும்பி வருவதும் இதில் பாதிக்கு மேல் இடம்பெறுகின்றன.

முதல் படி: ஏழு நாள் கணக்கு

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் கணக்கு எழுதுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்ற பகுதியும் ஐஃபோனில் 'ஸ்கிரீன் டைம்' என்ற பகுதியும் அமைப்புகளுக்குள் இருக்கின்றன. எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் போனது, ஒரு நாளில் எத்தனை முறை திரையைத் திறந்தீர்கள் என்பதை அவை காட்டும். அந்த எண்ணைக் கண்டு பதற வேண்டாம். யாரிடமும் காட்டவும் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதியிட்டு எழுதி வையுங்கள்.

அந்த எண்ணை ஒரு பருவத்துக்கு விரித்துப் பார்ப்பது பயன் தரும். ஒரு நாளைக்கு 3 மணி நேரம் என்றால், 15 வாரங்கள் கொண்ட ஒரு பருவத்தில் அது 315 மணி நேரமாகிறது. வாரம் மூன்று மணி நேரம் நடக்கும் மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்குப் பருவம் முழுவதும் நடக்கும் வகுப்பு ஏறத்தாழ 45 மணி நேரம்தான். ஆக, ஏழு பாடங்களின் வகுப்பு நேரம் முழுவதும் திரையில் கரைகிறது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டும்போது வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிடும்.

ஆனால் எண்ணைவிட முக்கியமான செய்தி வேறு ஒன்று. கைப்பேசியை எடுத்த ஒவ்வொரு முறையும், அல்லது நினைவு வருகிற ஒவ்வொரு முறையாவது, மூன்று விவரங்களைக் குறியுங்கள்: மணி என்ன, எங்கே இருந்தீர்கள், அதற்குச் சற்று முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். "இரவு 9.20, விடுதி அறை, அணிகள் கணக்கு மூன்றாவது வரி" என்ற அளவில் இருந்தால் போதும். ஏழாம் நாள் முடிவில் நோட்டைப் புரட்டினால் நான்கைந்து இடங்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். என் மாணவர்களின் நோட்டுகளில் அடிக்கடி வருபவை புரியாத பாடம், விடுதியில் மாலை ஆறு மணிக்கு மேல் வரும் வீட்டு நினைவு, கல்லூரிப் பேருந்து, தூக்கத்துக்கு முந்தைய நேரம் ஆகிய நான்கும்தான். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றுக்கும் சேர்த்து "இனி ஃபோனே தொட மாட்டேன்" என்று சபதம் எடுப்பவர்கள் பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் பழைய நிலைக்கே வந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டாம் படி: திரை எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்வது

இதை அறிந்தால், உங்கள் மனம் பலவீனமானது என்ற தவறான எண்ணம் போகும். புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு, நாளிதழுக்கு மடிப்பு உண்டு. ரீல்ஸுக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் முடிவில்லாத் திரையை 2006ஆம் ஆண்டு வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர். அதன் விளைவைப் பற்றி அவரே பின்னாளில் வருத்தம் தெரிவித்திருக்கிறார். நிறுத்துவதற்கு இயல்பான இடம் இல்லாதபோது, நிறுத்தும் வேலை முழுவதும் உங்கள் மனத்தின் மேல் விழுகிறது.

இன்னொன்று, பரிசு எப்போது வரும் என்று தெரியாத நிலை. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் சென்ற நூற்றாண்டில் புறாக்களை வைத்து நடத்திய சோதனைகளில், கொத்தும் ஒவ்வொரு முறையும் தீனி கிடைத்த புறாவைவிட, எப்போது கிடைக்கும் என்று கணிக்க முடியாதபடி தீனி கிடைத்த புறா விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. பத்துக் காணொளிகளில் ஒன்று மனத்தைத் தொடுகிறது. எது என்று தெரியாததால் பதினொன்றாவதற்கும் விரல் போகிறது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்ட பிறகு, அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இங்கே வந்துவிட்டன. ஒரு செயலியை நீக்கிய இடத்தில் இன்னொன்று வந்து உட்காருவதை ஒரு நாடே கண்டது. உங்கள் கைப்பேசியிலும் அதுதான் நடக்கும்.

அதே வேளையில், "நான் அடிமையாகிவிட்டேன்" என்ற சொல்லை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் டிஜிட்டல் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றிருக்கிறது. சமூக ஊடகப் பயன்பாடு அப்படித் தனி நோயாகச் சேர்க்கப்படவில்லை. பெரும்பாலோருக்கு இருப்பது பழக்கம். பழக்கத்துக்கு இடமும் நேரமும் தூண்டுதலும் உண்டு, அவற்றை மாற்றலாம். சிலருக்கு மட்டும் அது பழக்கத்தைத் தாண்டியிருக்கும். அவர்களுக்கான செய்தி ஏழாம் படியில் வருகிறது.

மூன்றாம் படி: புரியாத பக்கத்தைச் சரிசெய்தல்

இந்தப் படியில் செலவிடும் ஒவ்வொரு மணியும் மற்ற எல்லாப் படிகளையும் எளிதாக்கும் என்பதால், நேரம் குறைவாக உள்ளவர்கள் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

தமிழ்வழியில் வந்தவர்கள் முதல் மாதத்தில் கொள்ளும் பெரிய தவறான எண்ணம், தமக்குப் பாடமே தெரியாது என்பது. உண்மையில் பாதிப் பாடம் உங்களுக்குத் தெரியும். பெயர் மட்டும் மாறியிருக்கிறது. பேராசிரியர் 'மேட்ரிக்ஸ்' என்பது நீங்கள் பிளஸ் டூவில் படித்த அணி. 'டிட்டர்மினன்ட்' என்பது அணிக்கோவை. 'டெரிவேட்டிவ்' வகைக்கெழு, 'இன்டெக்ரேஷன்' தொகையிடல், 'வெலாசிட்டி' திசைவேகம், 'அக்ஸலரேஷன்' முடுக்கம், 'மொமென்டம்' உந்தம், 'ரெசிஸ்டன்ஸ்' மின்தடை. அணிக்கோவைக் கணக்கில் முழு மதிப்பெண் எடுத்த ஒரு மாணவி, 'டிட்டர்மினன்ட்' என்ற சொல் எதைக் குறிக்கிறது என்று தெரியாமலேயே இரண்டு வாரம் வகுப்பில் உட்கார்ந்திருந்ததை என்னிடம் சொன்னபோது, முதல் நாளே அதைச் சொல்லாமல் விட்டது என் குறை என்று உணர்ந்தேன். அன்றிலிருந்து ஒவ்வோர் அலகின் தொடக்கத்திலும் இரு மொழிச் சொற்களையும் பலகையில் எழுதுகிறேன். உங்கள் ஆசிரியர் அப்படிச் செய்யாவிட்டால், நீங்களே ஒரு சொல் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குப் பத்துச் சொற்கள் போதும்: இடப்பக்கம் வகுப்பில் கேட்ட சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல், கீழே அது வரும் ஒரு முழு வாக்கியம். பிளஸ் ஒன், பிளஸ் டூ தமிழ்ப் பாடநூல்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். முதலாண்டில் அவற்றைவிட நல்ல அகராதி உங்களுக்குக் கிடைக்காது.

அடுத்தது, வகுப்புக்கு முந்தைய பதினைந்து நிமிடம். பாடத்திட்டம் பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் இணையதளங்களில் கிடைக்கிறது. மறுநாள் நடக்கப்போகும் தலைப்பை அதில் பார்த்து, பாடநூலில் அந்தப் பகுதியின் தலைப்புகளையும் படங்களையும் மட்டும் ஒரு முறை பார்த்து வையுங்கள். புரிய வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு முறை கண்ணில் பட்ட சொல் மறுநாள் காதில் விழும்போது அந்நியமாக ஒலிக்காது. அதனால் வகுப்பின் முதல் பத்து நிமிடம் தப்பிக்கும். முதல் பத்து நிமிடத்தில் பிடியை விட்டவர்தான் மேசைக்குக் கீழே கைப்பேசியைத் திறக்கிறார்.

வகுப்புக்குப் பின் செய்ய வேண்டியது இன்னும் முக்கியமானது. பெரும்பாலோர் படிப்பு என்றால் திரும்பத் திரும்ப வாசிப்பது என்று நினைக்கிறார்கள். வாசித்ததை மூடி வைத்து, வெள்ளைத்தாளில் நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதே கூடுதல் பயன் தருகிறது. ஜெஃப்ரி கார்பிக், ஹென்றி ரோடிகர் ஆகிய இரு உளவியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் அறிந்த மாணவர்கள் சுவாகிலி மொழிச் சொற்கள் நாற்பதைக் கற்றார்கள். ஒரு சொல்லைச் சரியாகச் சொன்ன பிறகும் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும் பயிற்சியைத் தொடர்ந்தவர்கள், ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தார்கள். அந்தப் பயிற்சியை நிறுத்தியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே எஞ்சியது. அவர்களில் ஒரு சாரார் தொடர்ந்து வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பழக்கமில்லாத மொழியின் சொற்களைக் கற்பவர்களுக்கு நடந்த சோதனை இது என்பதால், தமிழ்வழி மாணவர்களுக்கு இதைத் தனியாக அழுத்திச் சொல்கிறேன். அன்றைய வகுப்பில் நடந்ததை அன்று மாலைக்குள் ஒரு பக்கம் எழுதுங்கள். தமிழிலும் எழுதலாம், இரண்டையும் கலந்தும் எழுதலாம். எழுத வராத இடம்தான் நாளை ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

கேட்பது பற்றியும் ஒரு சொல். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை அதிகம். வகுப்பு நடுவில் கை தூக்கினால் வாத்தியாரை எதிர்த்துப் பேசுவதாகிவிடுமோ என்று ஒதுங்குகிறார்கள். வகுப்பு முடிந்து வெளியே வரும் ஆசிரியரிடம் நோட்டைத் திறந்து, "சார், இந்த வரி வரைக்கும் புரியுதுங்க, அடுத்தது புரியலீங்க" என்று சொன்னால் போதும். "ஒண்ணுமே புரியலீங்க" என்பதைவிட அது எங்களுக்கு எவ்வளவோ உதவுகிறது. வகுப்பில் தவறவிட்டதை மீண்டும் கேட்க ஐ.ஐ.டி.கள் இணைந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். காணொளிகள் இலவசமாகக் கிடைக்கின்றன; சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. காணொளிக்கு முன் கேள்வியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், விடை கிடைத்ததும் மூடிவிடுங்கள். கேள்வி இல்லாமல் யூடியூபைத் திறந்தவர் பாடத்திலேயே நிற்பது அரிது.

விடுதிப் பள்ளிகளிலிருந்து வந்தவர்களுக்கு இந்தப் படி சற்று வேறு. உங்களுக்கு உழைப்பு பழகியிருக்கிறது. ஆனால் அதன் அட்டவணையை வேறொருவர் எழுதித் தந்தார். வாரத் தேர்வும் மாதிரித் தேர்வும் உங்களை இழுத்துச் சென்றன. கல்லூரியில் இரண்டு இன்டர்னல் தேர்வுகளுக்கு இடையே பல வாரங்கள் இருக்கும், அந்த இடைவெளியில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். சனிக்கிழமைதோறும் முந்தைய ஆண்டு வினாத்தாளிலிருந்து ஐந்து வினாக்களை எடுத்து, கடிகாரம் வைத்து எழுதுங்கள். திருத்துவதற்கு அறைத் தோழர் ஒருவர் போதும். மணியடிக்கும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளும் வழி அது.

நான்காம் படி: கைப்பேசிக்கு ஓர் இடம்

இன்றைய கல்லூரி வாழ்க்கையில் கைப்பேசியை முற்றிலும் விட முடியாது. வகுப்பு மாற்றம், தேர்வுக் கட்டண அறிவிப்பு, பாடக் குறிப்பு எல்லாமே வாட்ஸ்அப் குழுவில்தான் வருகின்றன. பேக்கரியில் டீ குடித்தாலும் பணம் கைப்பேசி வழியேதான் போகிறது. எனவே பட்டன் ஃபோனுக்கு மாறுங்கள் என்று நான் சொல்வதில்லை. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மாறிப் பார்த்துப் பயனடைந்தவர்கள் உண்டு. அன்றாடத்துக்குக் கீழ்க்கண்டவை போதும்.

படிக்கும் நேரத்தில் கைப்பேசி கைக்கெட்டாத இடத்தில் இருக்க வேண்டும். மேசையில் கவிழ்த்து வைப்பது போதாது. விடுதியில் அலமாரிக்குள் பூட்டி வைப்பது, வீட்டில் அம்மாவிடம் கொடுத்து வைப்பது, நூலகத்தில் பையின் அடிப்பகுதியில் அணைத்துப் போடுவது என்று எழுந்து நடந்தால்தான் எடுக்க முடியும் என்ற நிலையை உண்டாக்குங்கள். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது, கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதைச் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எடுத்துக்காட்டினார். இரண்டு நிமிடம் ஸ்டேட்டஸ் பார்த்துவிட்டுக் கணக்குக்குத் திரும்பியவரின் மனத்தில் அந்த ஸ்டேட்டஸும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இரண்டு நிமிடத்தின் உண்மையான விலை இரண்டு நிமிடத்தைவிட அதிகம்.

நோட்டிஃபிகேஷன்களில் அழைப்பையும் வகுப்புக் குழு ஒன்றையும் தவிர மற்ற எல்லாவற்றையும் அணையுங்கள். வகுப்புக் குழுக்கள் இரண்டு இருக்கட்டும்: வகுப்புப் பிரதிநிதி மட்டும் எழுதும் அறிவிப்புக் குழு ஒன்று, அரட்டைக் குழு ஒன்று. இதை வகுப்பில் நீங்களே முன்மொழியலாம். நாற்பது பேருக்கும் நன்மை. யூடியூபில் பார்த்தவற்றின் வரலாற்றை அழித்து, அதைச் சேமிப்பதையும் நிறுத்திவிட்டால் முகப்புப் பக்கத்தில் பரிந்துரைகள் வராமல் போகும். தேடிப் பார்ப்பது மட்டும் எஞ்சும். இன்ஸ்டாகிராமைச் செயலியாக வைக்காமல், ஒவ்வொரு முறையும் பிரவுசரில் கடவுச்சொல் இட்டுத் திறக்கும்படி வைத்தால் பாதிப் பயன்பாடு தானாகவே குறைவதைப் பலரிடம் கண்டிருக்கிறேன்.

ரீசார்ஜ் திட்டத்தையும் கவனியுங்கள். ஒரு நாளைக்கு 1.5 அல்லது 2 ஜி.பி. என்று வரும் திட்டங்களில், மிச்சமான டேட்டா நள்ளிரவோடு போய்விடும். "காசு கொடுத்தது வீணாகப் போகிறதே" என்று பதினொன்றரை மணிக்கு அதைத் தீர்ப்பதற்காகவே காணொளி பார்ப்பவர்கள் விடுதிக்கு விடுதி இருக்கிறார்கள். சிக்கனத்தை மதிக்கும் வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இந்த எண்ணம் இன்னும் வலுவாக வருகிறது. தீராத டேட்டா நட்டம் இல்லை. கெடும் தூக்கம்தான் நட்டம். குறைந்த விலையில் ஓர் அலாரக் கடிகாரம் வாங்கிவிட்டால், கைப்பேசி தலைமாட்டில் கிடக்க வேண்டிய காரணமும் போய்விடும்.

ஐந்தாம் படி: நாளுக்கு ஒரு வடிவம்

வீட்டிலிருந்து வருபவர்களுக்குக் கல்லூரிப் பேருந்துதான் சிக்கல். கோபியிலிருந்தோ உடுமலையிலிருந்தோ கோவைப் பக்கத்துக் கல்லூரிக்கு வருபவர் காலை ஆறரைக்கெல்லாம் பேருந்தில் ஏறிவிடுவார். போக வர மூன்று மணி நேரத்துக்கு மேல் போகிறது. ஆடும் பேருந்தில் புத்தகம் படிக்கச் சொல்லமாட்டேன். காலையில் தூங்க வேண்டுமானால் தூங்குங்கள், அதில் குற்றமில்லை. மாலையில் முதல் அரை மணி நேரம் மட்டும் கைப்பேசியை எடுக்காமல், அன்றைய ஒவ்வொரு வகுப்பிலும் என்ன நடந்தது என்று பக்கத்து இருக்கைத் தோழரிடம் மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள். மூன்றாம் படியில் சொன்ன நினைவுப் பயிற்சி அங்கேயே முடிந்துவிடும். வீடு சேர்ந்ததும் தறிக்கோ தோட்டத்துக்கோ கை கொடுக்க வேண்டியிருக்கும் மாணவர்களுக்கு இந்த அரை மணி நேரம் மிகவும் பெரியது.

விடுதியில் இருப்பவர்கள் வகுப்பு முடிந்ததும் அறைக்குப் போகாமல், நேராக நூலகத்துக்குப் போய் ஒன்றரை மணி நேரம் உட்காரும் வழக்கத்தை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். கட்டிலைப் பார்த்த பிறகு நூலகத்துக்குத் திரும்பியவர் குறைவு. இருபத்தைந்து நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் எழுந்து நடப்பது என்று பிரித்துக்கொண்டால் உட்காரும் வலு மெல்லக் கூடும். முதல் வாரம் பதினைந்து நிமிடத்தில் தொடங்கினாலும் சரிதான்.

சமூக ஊடகத்துக்கும் ஒரு நேரம் ஒதுக்குங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எட்டரை முதல் ஒன்பது வரை என்று குறித்துவிட்டால், பகலில் விரல் துடிக்கும்போது "எட்டரைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று மனத்துக்குச் சொல்ல முடியும். முற்றிலும் மறுக்கப்பட்டதைவிடத் தள்ளிவைக்கப்பட்டதை மனம் எளிதில் ஏற்கிறது. அந்த அரை மணி நேரத்தை உட்கார்ந்து செலவிடுங்கள், படுக்கையில் வேண்டாம்.

ஆறாம் படி: அறுந்த இழையைக் கட்டுவது

விடாமுயற்சி என்ற சொல்லை மேடைகளில் கேட்டுக் கேட்டு, ஒருநாளும் தவறாமல் இருப்பதுதான் அது என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். எனக்கு அதன் பொருளைக் கற்றுக்கொடுத்தது எங்கள் தறிக்கூடம்.

பழைய விசைத்தறியில் ஊடை, அதாவது குறுக்கு இழை, அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். நெடுக்காக ஓடும் பாவு இழை அறுந்தால் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டுபவர் கண்டுபிடித்து, தறியை நிறுத்தி, இழையைக் கட்டி, இழை நுழைந்து செல்லும் பாகங்களான விழுதிலும் அச்சிலும் கோத்து மறுபடி ஓட்ட வேண்டும். காணாமல் விட்டால் துணி நெடுக ஒரு கோடு விழுந்துகொண்டே போகும், கூலியில் பிடித்துவிடுவார்கள். ஒரு ஷிப்டில் இழை அறாமல் ஓட்டிய நெசவாளர் யாரையும் நான் கண்டதில்லை. நல்ல தறிக்காரர் என்று பெயர் எடுத்தவர்கள் அறுந்ததும் பார்த்தவர்கள்.

முதல் பருவத்தில் நான் கணிதத்தில் தோற்றேன். இன்று கற்பிக்கும் அதே பாடத்தில். கைப்பேசி இல்லாத காலம் அது. புரியாத பக்கத்திலிருந்து எழுந்து நான் போனது தேநீர்க் கடைக்கும் நண்பர்கள் அறைக்கும். முடிவு வந்த அன்று வீட்டில் சொல்லத் துணிவில்லாமல் தறிக்கூடத்தில் போய் நின்றேன். அப்பா தறியை நிறுத்தாமலேயே கேட்டுவிட்டு, "அறுந்துச்சுன்னா கட்டி ஓட்டோணும் கண்ணு, பார்த்துக்கிட்டு நின்னா கோடுதான் உழுகும்" என்றார். நான் கட்டத் தொடங்கவே ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரத்தில் இன்னும் இரண்டு பாடங்களில் பின்தங்கினேன். தோல்வியைவிட அந்த ஆறு வாரம்தான் எனக்கு அதிகம் செலவு வைத்தது.

ஆகவே நோட்டில் புதிதாக ஒரு கணக்கைத் தொடங்குங்கள். திட்டம் தவறிய நாளையும் மறுபடி உட்கார்ந்த நாளையும் எழுதி, இடையில் எத்தனை நாள் என்று குறியுங்கள். முதல் மாதம் அது ஐந்து நாளாக இருக்கலாம். மூன்றாம் மாதம் ஒரு நாளாகக் குறைந்தால் நீங்கள் முன்னேறுகிறீர்கள், தவறிய தடவைகளின் எண்ணிக்கை குறையாவிட்டாலும்கூட. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தன்னியல்பாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. 21 நாளில் மாறிவிடலாம் என்று யாராவது சொன்னதை நம்பி, இருபத்திரண்டாம் நாள் மனமுடைந்து போகாதீர்கள்.

திரும்பி வருவதற்கு மிகச் சிறிய வேலை ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள். இரவு முழுவதும் ரீல்ஸில் போனால், மறுநாள் மாலை ஐந்து மணிக்கு ஒரே ஒரு கணக்கு. "விட்ட நேரத்தையெல்லாம் சேர்த்துப் பத்து மணி நேரம் படிப்பேன்" என்ற திட்டம் அடுத்த அறுப்புக்குத்தான் வழி செய்யும்.

அரியர் விழுந்துவிட்டால் மூன்று வேலைகளை அந்த வாரமே செய்யுங்கள். விடைத்தாள் நகல் பெறும் வசதியைப் பல்கலைக்கழகம் தருமானால் கட்டணம் கட்டி வாங்கி, எங்கே மதிப்பெண் போனது என்று பாட ஆசிரியரோடு உட்கார்ந்து பாருங்கள். மறுமதிப்பீட்டுக்கான கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பருவத்தின் வார அட்டவணையில் அந்தப் பாடத்துக்கு இரண்டு மணி நேரம் இப்போதே எழுதி வையுங்கள். வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போகாமல் பார்ப்பதும் இதோடு சேர்ந்தது, ஏனென்றால் வருகை குறைந்தால் தேர்வு எழுதும் வாய்ப்பே தடைப்படும்.

ஏழாம் படி: வீட்டிலும் வெளியிலும் பேசுவது

மாலை வேளையில் வீட்டு நினைவு வரும்போது மற்றவர்களின் ஸ்டேட்டஸைப் பார்ப்பதால் அது அடங்காது. பள்ளித் தோழர் ஒருவர் சென்னைக் கல்லூரியில் சிரித்துக்கொண்டிருக்கும் படம் உங்கள் தனிமையைக் கூட்டும். அவருடைய அழுகையை அவர் பதிவிட்டிருக்கமாட்டார். அந்த நேரத்தில் வீட்டுக்கு அழைத்துப் பேசுங்கள். "சாப்ட்டயா கண்ணு" என்பதைத் தாண்டி அம்மாவுக்கு என்ன கேட்பதென்று தெரியாமல் இருக்கலாம். நீங்களே சொல்லுங்கள்: இன்று எந்த வகுப்பு புரிந்தது, எது புரியவில்லை என்று. பாடம் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. முதல் பட்டதாரிப் பிள்ளைகள் தோல்வியை வீட்டில் மறைப்பது, பெற்றோர் பட்ட கடனையும் பாட்டையும் நினைத்துத்தான் என்பது எனக்குத் தெரியும். மறைக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தச் சுமை கூடுகிறது.

அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் படித்து வந்தவர்கள், மாணவியருக்கான புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவர்களுக்காக 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறார்கள். அதில் ஒரு பங்கைப் பாடநூல்களுக்கு என்று ஒதுக்குங்கள். கையில் புத்தகம் இருந்தால் பி.டி.எஃப். தேடுவதற்காகக் கைப்பேசியைத் திறக்க வேண்டியிருக்காது.

சில அறிகுறிகள் தெரிந்தால் இந்த வழிகாட்டியோடு நிற்க வேண்டாம். பல வாரங்களாகத் தூக்கம் கெடுவது, சாப்பாட்டையும் குளியலையும் தவிர்ப்பது, வகுப்புக்குப் போகாமல் அறையிலேயே கிடப்பது, கைப்பேசி கையில் இல்லாதபோது தாங்க முடியாத பதற்றமோ கோபமோ வருவது, இணையச் சூதாட்டத்தில் பணம் போவது, வாழ்வே வெறுத்துப்போவது ஆகியவை அந்த அறிகுறிகள். கல்லூரியில் ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்) இருந்தால் அவரிடமும், இல்லாவிட்டால் நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமும் அன்றே சொல்லுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இலவசமாக இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் மிகையான தொழில்நுட்பப் பயன்பாட்டுக்கென்றே 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு நடக்கிறது. அறைத் தோழர் ஒருவரிடம் இந்த அறிகுறிகளைக் கண்டால், அவரைக் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: பருவ விடுமுறையில்

தேர்வு முடிந்து ஊருக்குப் போகும்போது அந்த நாற்பது பக்க நோட்டையும் பையில் வையுங்கள். விடுமுறையின் முதல் வாரம் அதைத் தொட வேண்டாம். தூங்குங்கள், சொந்தபந்தங்களைப் பாருங்கள். இரண்டாம் வாரத்தில் ஒரு காலையில் முதல் ஏழு நாள் பக்கங்களைத் திறந்து, கைப்பேசியை எடுத்த அந்த நான்கைந்து இடங்களில் எவை இன்னும் இருக்கின்றன, எவை போயின என்று பார்த்துக் குறியுங்கள். எஞ்சியவற்றில் ஒன்றை மட்டும் அடுத்த பருவத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அடுத்த பருவப் பாடத்திட்டத்தைத் திறந்து, ஒவ்வொரு பாடத்தின் முதல் அலகிலிருந்தும் பத்துச் சொற்களை அதே நோட்டின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்குங்கள்.